இரைப்பையில் ஓட்டை போட்டால் சாப்பாடு உள்ளே போய்விடாதா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 36. திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். குடிப்பழக்கம் உண்டு. ஏழு வாரத்துக்கு முன்பு தாங்க முடியாத வயிற்று வலி வந்தது. கணையத்தில் அழற்சி என்று 12 நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வலி குறைந்தாலும் மேல் வயிறு புடைத்துக்கொண்டே வருகிறது. இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை, அதையும் வாந்தி எடுத்துவிடுகிறான். ஒன்பது கிலோ இளைத்துவிட்டான். கணையத்தைச் சுற்றி 11 சென்டிமீட்டருக்கு நீர் தேங்கியிருக்கிறது, சுவர் கட்டியிருக்கிறது, உள்ளே கசடும் இருக்கிறது என்று சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள். எண்டோஸ்கோப்பி வழியாக இரைப்பையில் ஓட்டை போட்டு ஸ்டென்ட் வைக்கணும், கோயம்புத்தூர் போங்கள் என்கிறார் டாக்டர். நல்ல இரைப்பையில் எதற்கு ஓட்டை? சாப்பாடு அது வழியாக உள்ளே போய்விடாதா? இத்தனை நாள் எதற்குக் காக்க வைத்தார்கள்? வெளியிலிருந்து ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்கிறார் மாமா. ஆபரேஷனே செய்துவிடுங்கள் என்கிறார் பெரியப்பா. கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போகலாமா?
– நாமக்கல் மாவட்ட வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சாப்பாட்டுக் கேள்விதான். என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இது மனசுக்குள் இருக்கும். கேட்டால் டாக்டர் சிரிப்பாரோ என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

பதில்: போகும், கொஞ்சம் போகும். ஸ்டென்ட் வைத்து ஒரு வாரம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தால் சில சமயம் ஒரு பருக்கைச் சோறு கிடக்கும், தக்காளித் தோல் கிடக்கும். பயப்பட வேண்டாம். கணையத்தைச் சுற்றி நீர் தேங்கிய அந்தப் பை அப்போது நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருக்கும். வழி திறந்திருக்கும் வரை உள்ளே போனது இரைப்பைக்கே திரும்பி வந்துவிடும். வழி அடைத்துக்கொண்டால்தான் தொல்லை. அதனால்தான் ஆரம்பத்தில் கஞ்சி, குழைந்த சாதம் என்று கரைகிற சாப்பாடாகக் கொடுக்கச் சொல்வோம்.

சரி, நல்ல இரைப்பையில் எதற்கு ஓட்டை? கணையம் இருக்கும் இடம் அப்படி. இரைப்பைக்குப் பின்னால், முதுகுத்தண்டுக்கு முன்னால், குறுக்காகப் படுத்திருக்கிறது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போலச் செரிமான நீரைச் சுரக்கிறது. கறியையும் கொழுப்பையும் கரைக்கிற நீர் அது. தன் குழாய்க்குள் ஓடிக் குடலில் விழுந்தால் உபகாரம். அழற்சியில் அந்தக் குழாய் எங்காவது கிழிந்துவிட்டால், வெளியே கசிந்து அக்கம்பக்கத்துக் கொழுப்பையே கரைக்க ஆரம்பித்துவிடும். உடம்பு சும்மா இருக்குமா? கசிந்ததைச் சுற்றி வேலி கட்டும். அந்த வேலியின் முன்பக்கம் பெரும்பாலும் இரைப்பையின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர் இருக்குமே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அந்த வீட்டுக் கூரையைப் பிரித்து இறங்கலாம். அல்லது பொதுச்சுவரில் ஒரு துளை போட்டு, தண்ணீரை நம் வீட்டுச் சாக்கடை வழியாகவே விட்டுவிடலாம். இரைப்பையும் குடலும் கணைய நீரை வாங்கிக்கொள்ளவே இருப்பவை. அவற்றுக்கு இது புது வேலை இல்லை.

இத்தனை நாள் காக்க வைத்ததற்கும் காரணம் அந்தச் சுவர்தான். ஊர்ப்பக்கத்து டாக்டர் மீது உங்களுக்கு வருத்தம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவர் செய்தது சரி. அழற்சி வந்த முதல் சில வாரங்களில் அந்த வேலி, காய்ச்சி ஆற வைத்த பாலின் மேல் படியும் ஏடு மாதிரி இருக்கும். அதில் துளை போட்டு ஸ்டென்ட் வைத்தால் நிற்காது, கிழிந்து வயிறு முழுக்கக் கசியும். சுவர் நன்றாகக் கட்டுவதற்கு நான்கு வாரம் போல ஆகும். 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு என்று எங்கள் துறையில் ஒரு பொது இலக்கணம் உண்டு. அதுவும் நான்கு வாரத்தைத்தான் எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. இன்னொன்று, கசிந்த நீரில் பெரும்பங்கு தானாகவே வற்றிவிடும். சீழ் வைத்தவர்களுக்குக்கூட அவசரப்படுவதால் ஆதாயம் இல்லை என்று 2021இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. மொத்தம் 104 பேர். ஒரு பாதிக்குத் தொற்று தெரிந்தவுடன் குழாய் வைத்தார்கள். மறு பாதியை ஆன்டிபயாட்டிக் கொடுத்து, சுவர் கட்டும் வரை நிறுத்தி வைத்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடைசி வரை குழாயே தேவைப்படவில்லை. உங்கள் தம்பிக்கும் அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இனி காத்திருக்கலாமா? வேண்டாம் என்பது என் கருத்து. 11 சென்டிமீட்டர் என்ற எண்ணைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஆறு சென்டிமீட்டரைத் தாண்டி, ஆறு வாரமும் தாண்டினால் எடுத்துவிடு என்று ஒரு விதி இருந்தது. இப்போது அளவை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. பத்து சென்டிமீட்டர் பையோடு ஒரு தொல்லையும் இல்லாமல் வேலைக்குப் போகிறவர்களை நான் ஆறு மாதம்கூட ஸ்கேன் மட்டும் செய்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உங்கள் தம்பி கதை வேறு. இரண்டு இட்லி, வாந்தி, ஒன்பது கிலோ. பை இரைப்பையை முன்னால் தள்ளி வழியை அமுக்குகிறது. 11 சென்டிமீட்டர் உருண்டை என்றால் ஏறக்குறைய 700 மில்லி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசியை நெஞ்சுக்குழிக்குக் கீழே சுமந்துகொண்டு யாரால் சாப்பிட முடியும்?

ரிப்போர்ட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது ‘கசடு’ என்ற வார்த்தை. உள்ளே இருப்பது தண்ணீரா, சகதியா என்பதில்தான் சிகிச்சையின் போக்கு மாறுகிறது. வெறும் நீர் என்றால் அதற்கு சூடோசிஸ்ட் என்று பெயர், போலி நீர்க்கட்டி. கணையத்திலோ சுற்றியுள்ள கொழுப்பிலோ ஒரு பகுதி செத்துப்போய், அந்தத் துண்டுகள் நீரில் ஊறிக் கிடந்தால் அது வேறு சங்கதி. சிடி ஸ்கேன் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில்தான் காட்டும். எம்ஆர்ஐ எடுத்தாலோ, எண்டோஸ்கோப்பி முனையிலிருந்து அல்ட்ராசவுண்டில் பார்த்தாலோதான் தெளிவாகத் தெரியும். தண்ணீர் என்றால் இரண்டு முனையும் பன்றிவால் போலச் சுருண்ட சின்ன பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு வைத்தால் போதும், வடிந்துவிடும். சகதி அந்த மெல்லிய குழாயில் வராது, அடைத்துக்கொள்ளும். அதற்குத்தான் அகலமான உலோக ஸ்டென்ட்.

அந்த ஸ்டென்ட் உடுக்கை மாதிரி இருக்கும். நடுவில் இடுப்பு குறுகல், இரண்டு பக்கமும் விளிம்பு அகலம். ஒரு விளிம்பு பைக்குள், இன்னொரு விளிம்பு இரைப்பைக்குள். இரண்டும் சேர்ந்து இரண்டு சுவரையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், நடுவில் கசிவுக்கு இடம் இருக்காது. இடுப்பின் உள்ளகலம் 10 மில்லிமீட்டரிலிருந்து 20 மில்லிமீட்டர் வரை. தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பையே அதன் வழியாக உள்ளே விட்டுச் செத்த திசுவைப் பிடித்து இழுத்து எடுக்கலாம்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவார்கள். 700 மில்லி ஒரேயடியாக இரைப்பைக்குள் கொட்டும்போது அது நுரையீரலுக்குப் போய்விடக்கூடாதே, அதற்காக. எண்டோஸ்கோப்பின் முனையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். இரைப்பைக்குள் நின்றுகொண்டு சுவருக்கு அந்தப்பக்கம் பார்ப்போம். திரையில் பை கருப்பாகத் தெரியும், கசடு அதற்குள் சாம்பல் திட்டுகளாக மிதக்கும். அப்புறம் டாப்ளரைப் போடுவோம். ரத்தம் ஓடும் இடமெல்லாம் சிவப்பு, நீலமாக மின்னும். குத்தப்போகும் பாதையில் ஒரு மின்னல்கூட இருக்கக்கூடாது. கணைய அழற்சிக்குப் பிறகு மண்ணீரலிலிருந்து வரும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, இரைப்பைச் சுவரில் ரத்த நாளங்கள் புடைத்து நிற்பது சகஜம். அந்தக் காலத்தில் சாதா எண்டோஸ்கோப்பியில் சுவர் எங்கே உப்பித் தெரிகிறதோ அங்கே கண்ணை மூடிக்கொண்டு குத்துவதுபோலத்தான் குத்தினார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்கில் கிரிம், பின்மோல்லர், சோஹேந்திரா ஆகிய மூவரும் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே இதைச் செய்த முதல் அனுபவத்தை 1992இல் எழுதினார்கள். அதே பின்மோல்லர்தான் பிற்பாடு உடுக்கை வடிவ ஸ்டென்டையும் உருவாக்கினார்.

பைக்கும் இரைப்பைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லை என்று அளந்துகொண்டு, மின்சூட்டு முனையால் துளைத்து, ஸ்டென்டின் உள்விளிம்பை விரித்து, இழுத்துப் பிடித்து, வெளிவிளிம்பையும் விரிப்போம். அந்த நொடியில் திரை முழுக்கக் கலங்கிவிடும். புண்ணாக்கு கரைத்த தண்ணீர் நிறத்தில் மடமடவென்று கொட்டும். சீழ் வைத்திருந்தால் அந்த வாடை அறையை விட்டு வெளியேயும் வரும். எங்கள் நர்ஸ் ஒருவர் ‘அணை திறந்தாச்சு’ என்பார். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

உங்கள் மாமா சொல்லும் ஊசி. வெளியிலிருந்து ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தால் நாலு நாளில் மறுபடி நிறைந்துவிடும், கிழிந்த குழாய் இன்னும் கசிந்துகொண்டுதானே இருக்கிறது. தோல் வழியாகக் குழாய் வைத்து வெளியே ஒரு பை கட்டிவிடலாம். அது தப்பான வைத்தியம் இல்லை. தேக்கம் இரைப்பைக்கு எட்டாத இடத்தில், விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் இறங்கியிருந்தால் அதுதான் வழி. சுவர் கட்டும் முன்பே சீழ் வைத்து ஆள் மோசமானாலும் அதுதான். ஆனால் அந்தத் துளை ஆறாமல் கணைய நீர் தோல் வழியாக மாசக்கணக்கில் வடிந்துகொண்டே இருக்கும் ஆபத்து உண்டு. சீழ் வைத்த கணையத் தேக்கம் உள்ள 98 பேரை வைத்து நெதர்லாந்தில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், வெளிக்குழாயில் தொடங்கி அறுவை சிகிச்சைக்குப் போன பக்கத்தில் 32 சதவீதம் பேருக்கு இப்படி ஆனது. எண்டோஸ்கோப்பி பக்கத்தில் 5 சதவீதம். உயிராபத்திலும் பெரிய சிக்கல்களிலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்தான், அதையும் மறைக்கக் கூடாது.

பெரியப்பா சொல்லும் ஆபரேஷனும் இதே பொதுச்சுவரைத்தான் திறக்கிறது, வயிற்றைக் கிழித்துக்கொண்டு போய். ஷியாம் வரதராஜுலு தலைமையில் அமெரிக்காவில் 40 சூடோசிஸ்ட் நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். பலன் ஒன்றேதான். ஆஸ்பத்திரியில் இருந்தது மட்டும் எண்டோஸ்கோப்பிக்கு இரண்டு நாள், ஆபரேஷனுக்கு ஆறு நாள், செலவும் கூடுதல். பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் சர்ஜன் தேவையே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்டென்ட் நழுவினாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ அவர்தான் வர வேண்டும்.

ஆபத்து இல்லாத சிகிச்சை இல்லை. பழகிய கையில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஸ்டென்ட் சரியாக உட்கார்ந்துவிடும். மிச்சத்தில் ரத்தக்கசிவு, துளை கிழிதல், ஸ்டென்ட் நழுவுதல், அடைத்துக்கொண்டு காய்ச்சல் வருதல் எல்லாம் உண்டு. நான் அதிகம் பயப்படுவது ரத்தக்கசிவுக்கு. கணைய நீர் பக்கத்து ரத்தக்குழாயை அரித்து, அது பலூன் மாதிரி உப்பி, பைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பையின் அழுத்தம் குறைந்ததும் வெடிக்கும். அதனால் மருந்து செலுத்தி எடுத்த சிடி ஸ்கேனில் ரத்தக்குழாய்களைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அந்த மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாகவே போய்க் கசிவை அடைக்கும் ரேடியாலஜி வசதி உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். தம்பி ரத்தம் நீர்க்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கணைய அழற்சியே வந்ததில்லை, ஆனால் ஸ்கேனில் கணையத்தில் கட்டி தெரிகிறது என்றால், முக்கியமாக நடுத்தர வயதுப் பெண்களுக்கு, அதை சூடோசிஸ்ட் என்று எண்ணி ஸ்டென்ட் வைக்கக் கூடாது. புற்றாக மாறக்கூடிய நீர்க்கட்டியாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

ஸ்டென்ட் வைத்த பிறகு இரண்டு மூன்று நாளில் வயிறு தளர்ந்து, பசி எடுக்கும். சகதி உள்ளவர்களுக்கு அதோடு முடிந்துவிடாது. நான் சொன்ன 2018 நெதர்லாந்து ஆய்வில் எண்டோஸ்கோப்பி பக்கத்தில் பத்தில் நான்கு பேருக்கு ஸ்டென்ட் மட்டுமே போதுமாக இருந்தது. மற்றவர்களுக்கு உள்ளே போய்ச் செத்த திசுவை அள்ள வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் ஆகலாம், ஐந்து தடவையும் ஆகலாம். முதல் நாளே இதைச் சொல்லாவிட்டால், இரண்டாம் தடவை கூப்பிடும்போது ‘முதல் தடவை சரியாகச் செய்யவில்லையோ’ என்று வீட்டில் பேச்சு வரும். அசிடிட்டி மாத்திரையை எங்களில் பலர் நிறுத்திவிடுவோம். இரைப்பை அமிலம் உள்ளே போய்ச் சகதியைக் கரைக்க உதவுகிறது என்பது எங்கள் கணிப்பு. வீட்டில் இருக்கும் பழைய மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இப்போது நான் உண்மையில் வற்புறுத்த நினைப்பது. இந்த உலோக ஸ்டென்டை எடுத்தாக வேண்டும், பொதுவாக மூன்று நான்கு வாரத்தில். இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் ஆயுசுக்கும் இருக்கும். அதைக் கேள்விப்பட்டவர்கள் இதையும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். பை சுருங்கிப் பின்சுவர் முன்னால் வந்ததும் ஸ்டென்டின் விளிம்பு அங்கே இருக்கும் ரத்தக்குழாயில் உரசும். சில வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்கு ஐந்து மாதம் கழித்து ஒருவர் வந்தார், கருப்பாகத் தார் மாதிரி மலம் போகிறது என்று. ‘எல்லாம் சரியாகிவிட்டது, நன்றாகச் சாப்பிட்டேன், எதற்கு வரணும்’ என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். எடுக்க வேண்டிய தேதி இருந்தது. இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். வாயால் யாரும் சொல்லவில்லை, நானும்தான். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஃபைல் அட்டையிலேயே தமிழில், தடித்த பேனாவில் நானே எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் அந்தத் தேதித் தாளைத் தேடி வட்டம் போட்டுவிடுங்கள்.

எடுக்கும் முன்பு ஒரு ஸ்கேனும், முடிந்தால் கணையக் குழாயைக் காட்டும் எம்ஆர்ஐயும் எடுப்பார்கள். குழாய் நடுவில் முழுசாக அறுந்திருந்தால், வால்பக்கத்துக் கணையம் சுரக்கும் நீருக்குப் போக்கிடம் இல்லாமல் மறுபடி தேங்கலாம். அப்போது உலோக ஸ்டென்டை எடுத்துவிட்டு அதே துளையில் பிளாஸ்டிக் குழாயை விட்டுவைப்பது உண்டு. இது எல்லோருக்கும் தேவையா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. இருந்தால் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை என்பதால் நான் வைக்கிற கட்சி.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். உலோக ஸ்டென்டின் விலை பிளாஸ்டிக்கை விடப் பல மடங்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டுபோய், இந்தச் சிகிச்சைக்கும் ஸ்டென்டுக்கும் அதில் எவ்வளவு கிடைக்கும் என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எம்ஆர்ஐயில் கசடு குறைவு என்று வந்தால் பிளாஸ்டிக்கே போதுமா என்று கேட்பதில் தப்பே இல்லை. எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குடியை நிறுத்த வேண்டும், புகை இருந்தால் அதையும். இதை அவரிடம் ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் கேட்பது வேறு: பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்த்தார்களா? குடிக்கிறவர் என்று தெரிந்ததும் பலர் அதோடு தேடுவதை விட்டுவிடுகிறார்கள். கல்லும் இருந்தால், தேக்கம் வற்றியதும் பித்தப்பையை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அழற்சி குடிக்காமலே வரும். ரத்தத்தில் டிரைகிளிசரைடையும் பார்க்கச் சொல்லுங்கள், 1000ஐத் தாண்டினால் அதுவே கணையத்தைத் தாக்கும். சர்க்கரையும் பாருங்கள். இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பின்னால் சர்க்கரை வருகிறது.

பஸ் வேண்டாம். வாந்தி எடுக்கிற ஆளை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் குலுங்கிக்கொண்டு போக வேண்டாம், கார் பிடித்துப் போங்கள். இந்த வாரமே போங்கள். இதற்கிடையில் குளிர்காய்ச்சல் வந்தாலோ, ரத்த வாந்தியோ கருப்பு மலமோ போனாலோ, திடீரென்று வயிறு கல் மாதிரி ஆனாலோ கோயம்புத்தூர் வரைக்கும் காத்திருக்காமல் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போங்கள். போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. சிடி எடுத்த இடத்தில் படங்களை சிடியில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சிடிதான். கவுண்டரில் குழம்பினால் ‘வட்டத் தட்டு’ என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுவார்கள்.